ஒற்றை இருக்கைப் பரண்

என் கணவன் வெர்னைக் கடைக்கு அனுப்பக் கூடாது. ஒரு பெட்டி ஆணி வாங்கப் போனவன் நாய்க்குட்டியோடு திரும்பி வந்திருக்கிறான். பால் வாங்கப் போய், யாரோ விற்ற ஓட்டைப் படகை இழுத்துக்கொண்டு வந்தான். அந்தப் படகு இன்னும் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. அதனால் அவன் எதையாவது வாங்கக் கிளம்பினால் நானும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

இந்த அக்டோபரில் ஒரு நாள் காலை, "மார்லா, பரண் ஒண்ணு வாங்கணும், கிளம்பு" என்று அவனே சொன்னபோது எனக்கு வழக்கமான எரிச்சல் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கோடையிலிருந்து அவன் எதுவும் வேண்டும் என்று கேட்டதே இல்லை. வயிற்றில் கட்டி. அறுத்தும் பயனில்லை, மருந்து ஏற்றியும் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். வெர்ன் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "நவம்பர் வரைக்கும் தாங்குமா?" டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, பார்க்கலாம் என்றார்.

எங்கள் விஸ்கான்சினில் நவம்பர் என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மான் வேட்டைப் பருவம் தொடங்கும் அந்தச் சனிக்கிழமை கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். நானும் வெர்னும் கல்யாணமான வருடத்திலிருந்து அந்த விடியலில் மரத்தில் கட்டிய ஒரே பரணில்தான் மானுக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறோம். தோளோடு தோள் இடிக்க, ஒரே ஃபிளாஸ்க் காபி, வாயைத் திறக்கக் கூடாது. நாள் முழுக்கச் சண்டை போடுகிற எங்களுக்கு வருடத்தில் அப்படி ஒரு காலை கிடைத்தது. இந்த நவம்பரிலும் அது எனக்கு வேண்டும். வேறு எதையும் கேட்கவில்லை. கடவுளிடம் பேரம் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதற்கு மட்டும் பேசினேன்.

எங்களிடம் இருப்பது பழைய ஏணிப் பரண். இரும்பு. மேலே இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. அதை மரத்தில் சாய்த்து நிறுத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் மிதிக்க, ஒருவர் தூக்கித் தள்ள, இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள வேண்டும். இந்த வருடம் வெர்னால் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது. அதனால் என் மனதில் கணக்குப் போட்டுவைத்திருந்தேன். அலுமினியத்தில், உயரம் குறைவாக, சுற்றிலும் கைப்பிடி வைத்த இரட்டைப் பரண். என் அக்கா மகன் வந்து நிறுத்திக் கொடுப்பான். வெர்ன் முன்னால் ஏற, நான் பின்னால் அவனைத் தாங்கிக்கொண்டே ஏறுவேன்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். வழியில் அவனுக்குப் பிடித்த பாலாடைக்கட்டித் துண்டுகள் ஒரு பை வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய வேட்டைச் சாமான் கடை அது. கர்ட் என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு நடுவயதுக்காரர் வந்தார். வாய் ஓயாத ஆள். "வாங்க சார், வாங்க மேடம். ஏணி வேணுமா, தொங்குறது வேணுமா, ஏறுறது வேணுமா?"

"ரெட்டை இருக்கை ஏணி," என்றேன் நான்.

"ஒத்தை," என்றான் வெர்ன். "முதுகுல மாட்டி எடுத்துட்டுப் போற மாதிரி."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒற்றைப் பரண்கள் மாட்டியிருந்த சுவரை நோக்கி மெதுவாக நடக்க ஆரம்பித்துவிட்டான். வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டு அவன் தோளில் தொளதொளவென்று ஆடியது. ஒரு காலத்தில் அந்தக் கோட்டின் பொத்தானைப் போட நான் அவன் வயிற்றை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எடை எவ்வளவு சார்? அதைச் சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது," என்றார் கர்ட்.

"நூத்தி அறுபத்தஞ்சு பவுண்டு."

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் ஆஸ்பத்திரித் தராசில் நின்றபோது நூற்று முப்பதைத் தொடவில்லை. வாழ்நாள் முழுக்க எடையைக் குறைத்துச் சொன்ன மனுஷன் இப்போது கூட்டிச் சொல்கிறான். அந்நியன் ஒருவன் முன்னால் அவன் மானத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

கர்ட் முதலில் ஏறும் பரணை எடுத்துக் காட்டினார். இரண்டு துண்டாக இருக்கும். மேல் துண்டில் கையை ஊன்றி, கீழ்த் துண்டைக் காலால் இழுத்து இழுத்து, புழு நெளிவதுபோல மரத்தில் ஏற வேண்டும்.

"முட்டிக்கு ஆகாது," என்றான் வெர்ன்.

"அப்ப தொங்குறதுதான். இந்தப் படிக்குச்சிகளை மரத்துல கட்டிக்கிட்டே மேல போவீங்க. அப்புறம் பரணை இழுத்து மாட்டிடலாம்."

வெர்ன் படிகளுக்கு நடுவே சாணால் அளந்தான். "இடைவெளி ஜாஸ்தி. இன்னும் கிட்டக் கிட்டப் படி வெச்சது இல்லையா?" இன்னொன்று வந்தது. அதையும் அளந்தான். முதுகுப் பட்டையை இழுத்துப் பார்த்தான். ஒன்றைக் கீழே வைத்து மடக்கி விரித்து, காதைச் சாய்த்து, கிறீச்சிடுகிறதா என்று கேட்டான். ஆணி வாங்கப் போய் நாய்க்குட்டியோடு வந்தவன் இவனில்லை. என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டான்.

"ஒரே ஆளால இதை மாட்ட முடியுமா? கூட யாரும் இல்லாம?"

"முடியும் சார். பதினாலு பவுண்டுதான்."

"யோவ்," என்றேன். "கூட நான் இருக்கேன். எதுக்கு ஒரே ஆளு?"

"நீ கொஞ்சம் சும்மா இரு."

"ரெண்டு பேரு உக்கார்றது அந்தப் பக்கம் இருக்கு. வந்து அதைப் பாரு."

"உன்கூட உக்காந்தா எந்த மான் வருது? மூக்கை உறிஞ்சியே எல்லாத்தையும் பக்கத்து மாவட்டத்துக்கு விரட்டிடுற." கர்ட்டிடம் திரும்பிக் கண்ணடித்தான். "மான் குறி தப்பினவங்க சட்டை நுனியை வெட்டிச் சுவத்துல ஆணி அடிப்போம்ல. எங்க கராஜ் சுவத்துல இவளோட சட்டைங்க பாதி தொங்குது."

"உன்னோடது முழுச் சட்டையே தொங்குது, அதைச் சொல்லு," என்றேன். கர்ட் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து வெர்ன் கேட்டதுதான் என்னைக் கவிழ்த்தது. இடுப்பிலும் தொடையிலும் தோளிலும் மாட்டும் பாதுகாப்புப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "தவறி விழுந்து இதுல தொங்கினா, பக்கத்துல ஒருத்தரும் இல்லன்னா என்ன பண்றது?" என்று கேட்டான்.

கர்ட் பொறுமையாகக் காட்டினார். பட்டையிலேயே ஒரு வளையக் கயிறு உண்டு. அதில் காலை நுழைத்து நின்றால் இரத்தம் கட்டாது. அப்படியே மெல்லப் படிக்குத் திரும்பிவிடலாம். வெர்ன் மூன்று தடவை செய்து காட்டச் சொன்னான்.

நான் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று இரட்டைப் பரண்கள் இருந்த பக்கம் போய்விட்டேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். பக்கத்தில் ஒருத்தரும் இல்லையாம். என்னைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போகப் பார்க்கிறான். இத்தனை வருடம் தோள் இடித்து உட்கார்ந்தவளுக்குக் கடைசி முறை இடமில்லை. நாளைக்கு அவன் போன பிறகு நான் நினைத்துப் பார்க்க அந்த ஒரு காலைகூட எனக்கு இல்லாமல் பண்ணப் போகிறான். அங்கே அலுமினியத்தில், கைப்பிடி வைத்து, மெத்தை போட்டு, நான் மனதில் நினைத்தபடியே ஒரு இரட்டைப் பரண் நின்றது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரோ ஒரு பெண்மணி தள்ளுவண்டியோடு வந்து, என்னைப் பார்த்ததும் வேறு வழியாகத் திரும்பிப் போனாள்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் வெர்னின் குரல் கேட்டது. "இந்தத் துப்பாக்கி தாங்குற கம்பியை மாத்தி மாட்டலாமா? இடது கைக்குத் தோதா?"

"மாட்டலாமே. இடது கைக்காரரா சார் நீங்க?"

"சுடறது இடது கை."

வெர்ன் வலது கைக்காரன். துடைத்துக்கொண்டிருந்த கை முகத்திலேயே நின்றுவிட்டது. இடது கையால் சுடுகிறவள் நான். முட்டி போனவள் நான். கோட்டு, பூட்ஸ் இல்லாமல் நூற்று அறுபத்தைந்து பவுண்டு இருக்கிறவளும் நான்தான். என் எடையை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடமும் சொன்னதில்லை.

எப்படித் திரும்பி நடந்தேன் என்று தெரியவில்லை. அவன் முன்னால் போய் நின்றேன்.

"யாருக்கு இது?"

வெர்ன் மாட்டிக்கொண்டவன் போல விழித்தான். பிறகு, "உனக்குத்தான். நான் மேல போறதுக்குப் படிக்குச்சி எதுக்கு?" என்றான்.

"விளையாடாத."

"விளையாடல."

"எனக்கு வேண்டாம். நீ இல்லாம நான் காட்டுக்குப் போகப் போறதில்ல."

"போவ."

"மாட்டேன்."

"போவ மார்லா. முதல் வருஷம் போகமாட்ட. அடுத்த வருஷம் நவம்பர் வந்தா உன்னால வீட்டுல உக்கார முடியாது. யாரையும் உதவிக்குக் கூப்பிடவும் மாட்ட, உன் திமிர் எனக்குத் தெரியாதா? கொட்டகைக்குப் போய் அந்த ரெட்டைப் பரணை நீயே தனியா இழுத்துட்டுப் போவ. தனியா நிமித்தப் பாப்ப." அவனுக்கு மூச்சு வாங்கியது. அலமாரியைப் பிடித்துக்கொண்டான். "அது உன் மேல சாயும். கத்தினாலும் கேக்க ஆளிருக்காது. ராத்திரியெல்லாம் நான் முழிச்சுக் கிடக்கறேன்னு மாத்திரை தர்றியே. வலியில்ல அது. இதுதான்."

கர்ட் இரண்டு அடி பின்னால் போய், ஏற்கனவே ஒழுங்காக இருந்த கையுறைகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவன் சொன்னதை நான் அப்படியே செய்வேன். எனக்கே தெரிந்தது.

"சரி, அது அடுத்த வருஷம்," என்றேன். "இந்த வருஷம்? இன்னும் அஞ்சு வாரம்தான். நீயும் நானும்—"

"படி ஏற முடியாது மார்லா. நேத்து நம்ம வீட்டு மாடிப்படியில பாதியில உக்காந்துட்டேன். உங்கிட்ட சொல்லல." கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தான். "நான் வண்டியில ஹீட்டரைப் போட்டு உக்காந்திருக்கேன். நீ மேல இரு. சுட்டா எனக்குச் சத்தம் கேக்கும்ல? அது போதும், இருந்தேன்னா."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் கடவுளிடம் கேட்ட அந்த ஒரு காலை அங்கேயே, கையுறைக்கும் ஆரஞ்சுத் தொப்பிகளுக்கும் நடுவே, முடிந்துவிட்டது.

"கையைத் தூக்கு," என்றான். பட்டையை எனக்கு அவனே மாட்டினான். கர்ட் உதவ வந்தார். "இருங்க, நான் பாத்துக்கறேன்," என்று அவரை நிறுத்தினான். தோள் பட்டை, மார்புப் பட்டை, தொடைப் பட்டை. ஒவ்வொரு கொக்கியையும் மாட்ட நேரம் எடுத்தது. விரலிலிருந்து நழுவியது, மறுபடி பிடித்தான். குனிந்து தொடைப் பட்டையை இறுக்கும்போது அவன் கழுத்தெலும்பு கோட்டுக் காலருக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் கையைத் தூக்கியபடியே நின்றேன்.

கடைக்கு நடுவில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு மரக் கம்பம் நட்டுவைத்திருந்தார்கள். கர்ட் அந்தப் பரணை அதில் மாட்டினார். தரையிலிருந்து ஆளுயரம்கூட இல்லை. இருந்தாலும் வெர்ன் விடவில்லை. "தரையிலயே பட்டைக் கயித்தை மரத்துல மாட்டு. மாட்டாம ஒரு படிகூட ஏறாத. முதல்ல கயிறு, அப்புறம்தான் காலு. எங்கே, சொல்லு."

"முதல்ல கயிறு, அப்புறம் காலு," என்றேன்.

ஏறி உட்கார்ந்தேன். என் முட்டிக்குப் படி சரியாக இருந்தது. கால் வைக்கும் தட்டு, முதுகு சாயும் இடம், இடது பக்கம் மாற்றி மாட்டிய கம்பி, எல்லாம் எனக்கென்றே அடித்துவைத்ததுபோல இருந்தது. ஏதாவது ஒரு குறை சொல்லிவிட மாட்டோமா என்று தேடினேன். இரண்டு பக்கமும் கையை விட்டுப் பார்த்தேன். இன்னொரு ஆளுக்கு ஒரு விரல்கடைகூட இடமில்லை.

கீழே வெர்ன் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். கடை விளக்கு முகத்தில் விழுந்து, முகம் அப்படியே எலும்பாகத் தெரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றான். "சரியா இருக்கா?"

"தெரியல," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கறேன்."

"பாரு, பாரு. அவசரமில்ல."

கர்ட் அவனுக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். கம்பத்தை ஒட்டி, என் பூட்ஸுக்குக் கீழே, அவன் உட்கார்ந்துகொண்டான். இறங்கினால் அதை வாங்கிவிட வேண்டும். நான் இறங்கவில்லை.