ஆறு லீற்றர் தண்ணீர்

நிலாணியின் வீட்டுக்கு நாங்கள் வந்த நேரம் தொடக்கம் என் கணவர் வினோதன் ரி.வி. ரிமோட்டைக் கையை விட்டு வைக்கவில்லை. யூட்டா பாலைவனத்தில் நாங்கள் நடந்த பள்ளத்தாக்கின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நிலாணி அவருடைய சித்தப்பாவின் மகள். அவளும் அவள் கணவன் சுலக்சனும் ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் புது வீடு வாங்கிய பிறகு எங்களை முதன்முதலாக மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உந்தப் பள்ளக் கிடங்குக்குள்ள நாலு நாளோ?" என்று சுலக்சனின் தகப்பன் நவரட்ணம் அங்கிள் கேட்டார். "காசு குடுத்தே போனனீங்கள்? சண்டை நேரம் நாங்கள் காட்டுக்குள்ளால சும்மா நடந்து வந்தனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நாலு நாள் பிளான்தான் அங்கிள். மூண்டாம் நாள் திரும்பீட்டம்" என்றார் வினோதன். பிறகு என்னைப் பாராமலே, "மலருக்குக் கொஞ்சம் ஏலாமப் போச்சு" என்றார்.

ஏலாமல் போனது எனக்கல்ல. ஆனால் நான் மறுக்கவில்லை. பிழை என்னுடையது என்று ஆறு கிழமையாக நம்பியிருந்தேன்.

அந்தப் பயணம் என்னுடையது. அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டுக் குலுக்கலில் இரண்டு வருடம் பெயர் போட்டு, மூன்றாம் வருடம் கிடைத்தது. ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் முதுகுப்பைக்குள் இரண்டு அரிசிப் பைகளை வைத்துக்கொண்டு ரூஜ் ஆற்றங்கரைப் பாதைகளில் ஏறி இறங்கினேன். நான் தனியப் போனால் ஆக்கள் என்ன கதைப்பினம் என்று சொல்லிக்கொண்டு, கடைசி இரண்டு மாதத்தில் வினோதனும் சேர்ந்துகொண்டார்.

முதல் இரவு ஒரு பாறைக் குழியில் தண்ணீர் இருந்தது. அதை வடித்து நிரப்பினோம். அதற்கடுத்த ஊற்றுக்கு மூன்றாம் நாள் பின்னேரம்தான் போய்ச் சேரலாம். அதுவரைக்கும் எங்கள் போத்தல்களும், ஆறு லீற்றர் பிடிக்கும் ஒரு தண்ணீர்ப் பையும்தான். அவருக்குத் தோள் நோவு என்றபடியால் அந்தப் பையை நான் சுமந்தேன். இரண்டாம் நாள் முழுக்கப் போத்தல்களிலேயே சமாளித்தோம். பையைத் திறக்கவேயில்லை.

மூன்றாம் நாள் விடியப் பார்த்தால் அது தட்டையாகக் கிடந்தது.

"மூடியைச் சரியா இறுக்கேல்லைப் போல" என்றார் அவர். கோபிக்கவில்லை. மிக மெதுவாகச் சொன்னார். சுற்றியிருந்த சிவப்பு மணலைத் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. அந்த மண் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாது. மூடியை இறுக்கியது எனக்கு ஞாபகம் இருந்தது. கடைசிச் சுற்றில் விரல் நுனி நொந்ததுகூட ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த மெதுவான குரலுக்கு முன்னால் என் ஞாபகம் நிற்கவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

பத்தொன்பது வருடத்தில் அந்தச் சொல்லை நான் அவரிடம் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அதை யாரும் சொல்வதில்லை. பிழை விட்டவர் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பார், மற்றவர் எடுத்துக் குடிப்பார், அவ்வளவுதான். அங்கே தேத்தண்ணி போடத் தண்ணீர் இல்லை. அதனால் சொல்லைச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "பரவாயில்லை. பிழை ஆருக்கும் வாறதுதானே."

தண்ணீருக்கு முன்னால் போனால் பதினாலு கிலோமீற்றர், முதல் இரவின் பாறைக் குழிக்குத் திரும்பினால் ஒன்பது. ஒன்றரைப் போத்தலோடு திரும்பினோம். பிழை விட்டவள் நான் என்பதால் என் பங்கிலும் பாதியை அவருக்குக் கொடுத்தேன். பள்ளத்தாக்கு ஒடுங்கி, பிறகு விரிந்து ஆற்றோடு சேரும் இடத்தை நான் பார்க்கவேயில்லை.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு அடுப்பை மூன்று தரம் பார்த்தேன். கார்க் கதவை இழுத்துவிட்டு, பத்தடி நடந்து, திரும்பிப் போய் மறுபடி இழுத்தேன். நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் மாத்திரைகளை எண்ணிப் போத்தலில் போடுவது என் பொறுப்பு. எண்ணியதையே மறுபடி மறுபடி எண்ணத் தொடங்கினேன். ஒரு மூடியையே இறுக்கத் தெரியாதவள் யாருடைய இருதய மாத்திரையை எண்ணுவது? இனி முன்கவுண்டரில் நிற்கிறேன் என்று நானே கேட்டு மாறிக்கொண்டேன்.

அன்று நிலாணிக்கு உதவியாகப் பெரிய சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினியிலிருந்து திரும்பி வந்தபோது ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்த வனாந்தரத்துக்குள்ள விடியக் காலமை அலுவலுக்கு என்ன செய்தனியள்?" என்று சுலக்சன் கேட்டிருக்கிறான்.

"பேப்பரால துடைச்சுப்போட்டு வாற ஆக்களே நாங்கள்?" என்றார் வினோதன். "தண்ணிப் பையைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால போனன். கால் கழுவத் துவங்கினா உண்மையிலயே காலையும் கழுவத்தானே வேணும். கால் கழுவினா முகம். பிறகு ரெண்டு கை தலையிலயும் விட்டன். பாத்தா, பை காலி!"

நவரட்ணம் அங்கிளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "கங்கையில குளிச்ச மாதிரி இருந்திருக்கும், என்ன?"

நான் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"திரும்பச் சொல்லுங்கோ" என்றேன்.

வினோதனின் முகம் ஒரு கணம் வெறுமையானது. நான் குசினிக்குள் நிற்கிறேன் என்று நினைத்திருக்கிறார். இல்லை, நான் வந்தால்தான் என்ன என்றும் நினைத்திருக்கலாம். எது கூடுதலாக எரிந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"பகிடிக்குச் சொன்னது, மலர்."

"பகிடியைத்தான் திரும்பச் சொல்லச் சொல்றன். ஆர் அந்தத் தண்ணியை முடிச்சது?"

"விடு பிள்ளை" என்றார் நவரட்ணம் அங்கிள். "தண்ணிதானே."

"அங்க தண்ணி இல்லாட்டிச் சாவு, அங்கிள். அதை விடுவம். நான் மூடியை இறுக்கேல்லை எண்டு சொன்னவர். நான் இவரிட்ட மன்னிப்புக் கேட்டனான். இவர் மன்னிச்சவர்." குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்கள் என்னை மன்னிச்சனீங்கள் வினோதன்! ஆறு கிழமையா நான் மாத்திரை எண்ணப் பயந்துகொண்டு திரியிறதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓகே, சொறி" என்றார் ஆங்கிலத்தில், காலை மிதித்துவிட்டவர் சொல்வது போல. பிறகு சுலக்சனைப் பார்த்து, "வெக்கத்தில சொல்லேல்லையடா. ஆரும் மனுசியிட்ட உதைச் சொல்லுவினமே?"

என்னிடம் சொல்ல வெட்கம். ஒரு கூடம் நிறைந்த ஆட்களிடம் சொல்ல வெட்கமில்லை. நிலாணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ரிமோட்டை எடுத்து ரி.வி.யை நிற்பாட்டினாள்.

சாப்பிடாமல் வெளிக்கிட்டோம். காரை நான் ஓட்டினேன். ஷெப்பேர்ட் வீதியில் அஜின்கோர்ட் பக்கம் திரும்பினேன். அவர், "ஆக்களுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்" என்றார்.

எனக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் விட்ட பிழைகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்து முன்னால் நின்றன. நான் தொலைத்த வீட்டுத் திறப்புக் கொத்து. நான் பூட்ட மறந்த நிலக்கீழ் அறைக் குழாய். எனக்கு ஞாபகமே இல்லாத, அவர் மெதுவான குரலில் எடுத்துச் சொல்லித் தெரிந்துகொண்ட பிழைகள்.

சிவப்பு விளக்கில் நிறுத்தினேன்.

"அப்பா செத்த வருஷம்" என்றேன். "என்ர பாஸ்போட் ஃபோர்ம் திரும்பி வந்திட்டுது எண்டனீங்கள். என்ர கையெழுத்துப் பெட்டிக் கோட்டில முட்டிட்டுது எண்டு. அதாலதான் செத்த வீட்டுக்குப் போகேலாமப் போனது."

"இப்ப ஏன் உது?"

"அந்தத் திரும்பி வந்த ஃபோர்மை நான் கண்ணால காணேல்லை." அன்றிலிருந்து நான் எங்கே கையெழுத்துப் போட்டாலும் எறும்பளவில்தான் போடுகிறேன். "அதை நீங்கள் போஸ்ட் பண்ணினனீங்களோ?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். விளக்குப் பச்சையானது. பின்னால் நின்ற கார் ஒரு முறை ஹோர்ன் அடித்தது, பிறகு அழுத்திப் பிடித்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"சொல்லுங்கோ" என்றேன்.