கோபுரக் கடிகாரத்தின் பத்து நிமிஷம்

வெல்லோவர் ஊரில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் லண்டன் நேரம். தேவாலயக் கோபுரத்தில் சூரியனைப் பார்த்து வைத்த ஊர் நேரம், அதற்குப் பத்து நிமிஷம் பின்னால். ஊருக்கு ரயில் பாதை வரும்வரை லண்டன் நேரத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை. லண்டன்காரனுக்கு என்ன அவசரமோ, அது அவனோடு.

தீர்சாவின் கணவன் ஜேபஸ், பன்னிரண்டு மணி ரயிலில் ஏற்ற முட்டைக் கூடையோடு தண்டவாளத்தைத் தாண்டினான். கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று நம்பித்தான் கால் வைத்தான். ரயில் லண்டன் கணக்கில் வந்தது.

நம்பிய அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை போலும், பாவி மனுஷன். அடக்கம் முடிந்த மறுநாள், ரயில் போனதும் சமையலறைக் கதவு திறந்தது. கூடையோடு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். பேசவில்லை. கோபுரத்தில் பன்னிரண்டு அடித்ததும் எழுந்து போனான். தினமும் அப்படித்தான். முதலில் வெலவெலத்துப்போன தீர்சா, போகப்போக அவனுக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினாள். அதற்காகவே உயிரோடிருந்தாள்.

சந்தைக்காரர்கள் ரயிலைத் தவறவிட்டு அலுத்துப்போனதால், கோபுரக் கடிகாரத்தையும் லண்டன் நேரத்துக்கு மாற்ற ஊர்ச்சபை முடிவெடுத்தது. தீர்சா, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் அமோஸிடம் ஓடினாள்.

"அண்ணே, முள்ளத் தொடாதீங்க. எனக்குன்னு இருக்கறதே அந்தப் பத்து நிமிஷந்தான்."

"உன் புருஷன் செத்ததே அதாலதானேம்மா," என்றான் அமோஸ். நியாயமான பேச்சுதான். அவளுக்கு வேம்பாய்க் கசந்தது.

மறுநாள் காலை முள் நகர்ந்தது. மத்தியானம் கோபுர மணியும் ரயில் விசிலும் ஒன்றாகக் கேட்டன. இரண்டு கோப்பைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தீர்சா அழுதாள்.

கதவு திறந்தது. ஜேபஸ் வந்து உட்கார்ந்தான். சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவனை எழுப்ப வேண்டிய மணி முன்பே அடித்து ஓய்ந்திருந்தது.

வெயில் சாய்ந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தேநீரின் மேல் பனி படர்ந்தது, அவள் விரல்கள் விறைத்தன. அப்போதுதான் அவன் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"தீர்சா, ரயிலுக்கு நேரமாச்சா?"

ஆமாம் என்றால் போய்விடுவான். தண்டவாளத்துக்குத்தான் போவான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இல்ல, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்றாள்.

அவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விறைப்பு தோள்வரை ஏறியது; அவள் கையை எடுக்கவில்லை.