இருபத்துநாலு வருஷத்துக்கு ஒரு சீட்டு

வேம்புலி தன் தகரப் பெட்டியைத் திறந்து ஏழு காகிதங்களைப் பாயில் பரப்பினான். ஒவ்வொன்றும் ஒரு துரை எழுதிக் கொடுத்த சீட்டு. இந்த ஆள் எங்கள் வீட்டில் சமைத்தான், கை சுத்தம், குடிக்கிற பழக்கம் இல்லை என்று இங்கிலீஷில் நாலு வரி, அடியில் கையெழுத்து. பன்னிரண்டு வருஷத்தில் ஏழு பங்களா பார்த்தவன் வேம்புலி. எந்த வீட்டு அடுப்பும் அவனை முழுசாக இரண்டு வருஷம் கண்டதில்லை. இப்போதுகூடக் கீழ்ப்பாக்கத்து வேலையை உதறிவிட்டு, காட்டுப்பாக்கத்தில் அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உன்னுது எங்க மாமா?" என்று அக்கா புருஷனைக் கேட்டான்.

 செங்கல்வராயனிடம் ஒரு சீட்டும் கிடையாது. பூந்தமல்லியில் பெண்டன் துரையின் அடுப்படியில் அவருக்கு இருபத்துநாலு வருஷம் ஓடிவிட்டது. வேலையை விட்டுப் போகிறவனுக்குத்தான் சீட்டு எழுதுவார்கள். போகாதவனுக்கு யார் எழுதுவார்கள், எதற்கு எழுதுவார்கள்?

அது சண்டைக் காலம். ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் முள்வேலி போட்டு, கொட்டகை கொட்டகையாய்க் கட்டி, ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியிருந்தார்கள். அங்கே மெஸ்ஸுக்குச் சமையல்காரர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானத்தோடு பட்டியல் முடிகிறது. சம்பளத்தை விடுங்கள், மாதா மாதம் குடும்பத்துக்கு அரிசி கிடைக்கும் என்பதுதான் பெரிய பேச்சு. ஊரில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகியிருந்தது. செங்கல்வராயன் மனைவி கன்னியம்மாள் காலையிலிருந்து வரிசையில் நின்று, முந்தானையில் முடிந்துகொண்டு வருவதில் பாதி கல், பாதி நொய்.

"ஒரே எடத்துல குந்திகினு இன்னாத்தய்யா கண்ட?" என்றாள் அவள். "இவன் ஏழு எடம் மாறினான். போன எடத்துலல்லாம் ஒரு சீட்டு வாங்கினு வந்தான். நாளைக்கே ஆவடிக்குப் போனா இவனுக்கு வேல கீது. உனக்கு கீதா?"

"நான் ஏங்கா போறேன்? பட்டாளத்துல விடிகாலைல கொம்பு ஊதி எழுப்புவான். நமக்கு ஒத்துவராது" என்று வேம்புலி புரண்டு படுத்தான்.

ஊரில் செங்கல்வராயனை விசுவாசமான ஆள் என்று சொல்லுவார்கள். அவருக்கு உள்ளே தெரியும், அதில் பாதி சோம்பல், பாதி பயம். புது வீடு, புது நாக்கு, புது மனுஷனின் கோபம் எப்போது வரும் என்று மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் அதற்குத் தெம்பு இல்லை. முட்டி வலி வேறு. ஆனாலும் இத்தனை வருஷமும் எங்கேயோ தன் பக்கம் சேர்ந்து நிற்கிறது, ஒரு நாள் கைகொடுக்கும் என்று ஒரு நினைப்பு அவருக்கு இருந்தது. அந்த நினைப்பை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சீட்டு கேட்பது லேசான காரியம் இல்லை. கேட்டால் போகப்போகிறேன் என்று அர்த்தம். ஆவடியில் எடுக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா என்றால், பெண்டன் துரை அப்படிப்பட்ட ஆள் இல்லை. உப்பு இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். மூடிய கோப்பைத் திறக்க மாட்டார். இந்த வேலையும் போய் அந்த வேலையும் போனால் நொய்க்கும் வழி கிடையாது. மூன்று நாள் வாய் வரைக்கும் வந்து வந்து, புதன்கிழமை காலையில்தான் வார்த்தை வெளியே வந்தது.

"ராமன்! டீ!" என்று வராந்தாவிலிருந்து துரை கூப்பிட்டார். செங்கல்வராயனுக்கு முன்னால் அங்கே சமைத்தவன் பேர் ராமன். அவன் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய்விட்டான். செங்கல்வராயன் சேர்ந்த அன்றே துரை சொல்லிவிட்டார், இந்த வீட்டுச் சமையல்காரன் பேர் ராமன், புதுப் பேர் தன் நாக்கில் ஏறாது என்று. அந்தக் கூப்பாடு அவர் காதோடு ஒட்டிப்போய் வெகு காலமாகிவிட்டது.

டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றார். "தொரை, ஒரு சீட்டு ஓணும்."

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் இருந்ததில் துரைக்குத் தமிழ் நன்றாகவே வரும். "எதுக்கு?"

"ஆவடி பட்டாளத்துல வேல, தொரை."

ஏன் போகிறாய் என்று கேட்பார், இரு என்று சொல்லுவார், ஒரு வேளை திட்டுவார் என்று எதிர்பார்த்தார். துரை காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "எத்தனை வருஷம்?"

"இருவத்துநாலு, தொரை."

"அவ்வளவா?" என்றுவிட்டு அரைப் பக்கம் எழுதினார். மை காயும் வரை ஊதிவிட்டுக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இரு. போறதுக்கு முன்னே வேற ஆள் கொண்டு வந்து விடணும். கட்லெட் தெரிஞ்ச ஆள்."

இருபத்துநாலு வருஷம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.  செங்கல்வராயன் காகிதத்தை மடித்து மூக்குப்பொடி டப்பாவில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பருத்திப்பட்டு ஏரிக்கரை வழியாக ஆவடிக்கு நடந்தார். ஒரு கொட்டகையில் மேஜை போட்டு உலகநாதன் என்ற குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஆள் பார்த்துப் பார்த்து அவர் முகமும் களைத்திருந்தது. சீட்டை வாங்கி முதலில் தனக்குள் படித்தார். பிறகு என்ன தோன்றியதோ, நடுவிலிருந்து சில வரிகளைத் தமிழில் உரக்கச் சொன்னார்.

"'இவன் என்னிடம் இருபத்துநாலு வருஷம் இருந்தான். ஒரு ஸ்பூன்கூடத் தொலைந்ததில்லை. குடித்து நான் பார்த்ததில்லை. என் மனைவி இறந்த அன்றைக்கும் எனக்குச் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. அன்று நான் நன்றி சொல்லவில்லை.' பலே! இப்படி ஒரு சீட்டு நான் பாத்ததே இல்லை, அய்யா."

செங்கல்வராயனுக்குக் கண் கலங்கியது. துரை இதையெல்லாம் கவனித்திருக்கிறார்! மெம்சாப் போன அன்று கஞ்சி மாதிரி ஒரு சூப் வைத்து, கதவோரம் வைத்துவிட்டு வந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பேரு?" என்று பேனாவை மையில் தொட்டுக்கொண்டார் குமாஸ்தா.

"செங்கல்வராயன், சார்."

பேனா நின்றது. "இது ராமன் சீட்டு. நாலு எடத்துல ராமன்னு போட்டிருக்கு."

"அது நாந்தான் சார். தொரை அப்டிதான் கூப்புடுவாரு."

பின்னால் யாரோ சிரித்தான். குமாஸ்தா சிரிக்கவில்லை. "இந்த வாரத்துல மட்டும் நாலு பேர் அடுத்தவன் சீட்டைக் கொண்டு வந்துட்டாங்க. ஒருத்தன் செத்துப்போன ஆளோட சீட்டைக் கொண்டு வந்தான். நான் எதை நம்புறது? போய்ப் பேரை மாத்தி வாங்கிட்டு வாய்யா. சனிக்கிழமை பன்னண்டு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

மறுநாள் காலை சீட்டை மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னபோது பெண்டன் துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ராமன் இல்லையா?"

"இல்ல, தொரை. செங்கல்வராயன்."

துரை உதட்டை அசைத்துப் பார்த்தார். பாதியிலேயே விட்டுவிட்டார். "நான் எழுதினது ராமனைப் பத்தி. ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். நீ சொல்ற பேர்ல எனக்கு ஒருத்தனையும் தெரியாது. தெரியாதவனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். சர்வீஸ்ல ஒரு நாள்கூடப் போட்டதில்லை." அவர் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. உண்மையாகவே அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அதற்கு மேல் ஒன்று கேட்டார். "இத்தனை வருஷம் நீ ஏன் சொல்லவே இல்லை?"

செங்கல்வராயன் சீட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நல்ல கேள்விதான். ஏன் சொல்லவில்லை? சேர்ந்த புதிதில் சொல்லலாம் என்றுதான் இருந்தார். ஆறு மாசம் பார்ப்போம், அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும், விட்டுப் போகப்போகிற இடத்தில் எதற்குப் பேர் தகராறு என்று விட்டார். அப்புறம் மழைக்காலம் கழியட்டும் என்றார். அப்புறம் மெம்சாப் படுத்துவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஆறு மாசம்தானே என்றுதான் இருந்தார். அந்த வீட்டில் நிலையாக இருக்கப்போகிறோம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் முதல் வாரமே பேரைச் சொல்லியிருப்பார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் கன்னியம்மாள் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வேம்புலி தன் சீட்டில் ஒன்றைத் தருகிறேன் என்றான். "எனக்கு ஏழு கீது மாமா. ஒண்ணு போனா இன்னா?" செங்கல்வராயன் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்தவன் பேரைச் சொன்னால் பொய்யாகிவிடும். ராமன் என்பது அப்படி முழுப் பொய்யும் இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குமாஸ்தா முன்னால் போய் நின்றார்.

"மாத்திட்டாரா?"

"இல்ல சார். எம் பேரு ராமன்."

உலகநாதன் அவரையே பார்த்தார். "முந்தாநேத்து வேற சொன்ன."

"ராமந்தான் சார். கட்லெட், கறி, புட்டிங் எல்லாம் வரும். வச்சுப் பாரு சார்."

குமாஸ்தா மெதுவாகப் பேசினார். "இந்தாய்யா, யோசிச்சுக்கோ. இந்தப் புஸ்தகத்துல ஏறிட்டா இறங்காது. ரேஷன் ராமன் பேர்ல வரும். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உன் பொண்டாட்டிக்கு வர காகிதமும் ராமன் பொண்டாட்டின்னுதான் வரும்."

"அரிசி வரும் இல்ல சார்?"

"வரும்."

கட்டை விரலை மையில் தோய்த்து, காட்டின இடத்தில் அழுத்தினார். தப்பித்துப் போகிறோம் என்று நினைத்த இடத்துக்கும் அந்தப் பேர் அவருக்கு முன்னாலேயே நடந்து வந்து உட்கார்ந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். அவருக்கு எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

துரை சொன்னபடி ஆள் கொண்டு வந்து விட்டாயிற்று. வேம்புலிதான். அக்கா வீட்டு நொய்க்கஞ்சி அலுத்துப்போய்ச் சரி என்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, விட்டுவிட்டு வந்த தன் சொந்த அரிவாள்மணையை எடுத்துவரச் செங்கல்வராயன் பூந்தமல்லிக்குப் போனார். பின்பக்கமாக நுழைந்து, மணையைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வேம்புலி அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தான்.

"ராமன்! டீ!"

"தோ, தொரை!" என்று இரண்டு குரல் கேட்டது. செங்கல்வராயன் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டவன் வேம்புலி.

செங்கல்வராயன் அவன் கையைப் பிடித்தார். "டேய், போய் உம் பேர சொல்லுடா. இன்னிக்கே சொல்லிடு."

வேம்புலி சிரித்தான். "உடு மாமா. ஆறு மாசந்தானே" என்று சொல்லிவிட்டு, டீ சிந்தாமல் வராந்தாவுக்குப் போனான்.