ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்ட முழக்கம்

வெண்டல் ஊருக்குக் கிளம்பியது செவ்வாய்க்கிழமை. ஒன்பது வருஷமாக அக்டோபர் பிறந்தால் மொன்டானாவிலிருந்து விமானம் ஏறி வந்து, மர்டோவோடு ஒரு வாரம் மான் வேட்டைக்காக ஸ்காட்லாந்து மலைச் சேற்றில் வயிற்றால் ஊர்ந்துவிட்டுப் போகிறவன். மர்டோ அங்கே ஒரு தனியார் மலை எஸ்டேட்டின் வேட்டைக்காவலன். எந்த மானைச் சுடலாம், எதை விட வேண்டும் என்று அவன் சொன்னால் முதலாளிகூட மறுத்துப் பேச மாட்டார். கிளம்பும்போது வெண்டல், மர்டோவின் மனைவி ஷீனா கட்டிக்கொடுத்த ஓட்ஸ் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, மர்டோவைக் கட்டிப்பிடித்து, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் மர்டோவுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இரண்டு பேரும் உட்கார்ந்தால் மான் பேச்சுதான். விஸ்கி உள்ளே போகப் போகச் சண்டை சூடு பிடிக்கும்.

"உங்க செம்மானக் கொண்டுபோய் எங்க ஊரு எல்க் மான் பக்கத்துல நிறுத்துனா, நம்ம கன்னுக்குட்டின்னு நெனச்சு அது பால் குடுத்துட்டுப் போவும்" என்பான் வெண்டல்.

"ஒடம்பு வளந்தா போதுமாய்யா? அம்மாம் பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு, பொண்ணு தேடுற நேரத்துல உங்காளு விசிலடிக்குது. அடுப்புல வச்ச கெட்டிலு மாதிரி. எங்காளு முழங்குனா மலையே அதிரும்."

"உங்க ரோ மான் எங்க வீட்டு நாய் ஒசரம். அதச் சுட்டுட்டு போட்டோ வேற புடிச்சுக்கிறீங்க."

"உங்க வெள்ளைவால் மான் மட்டும் என்ன வீராதிவீரனா? ஆளக் கண்டதும் வாலத் தூக்கிக் காட்டிட்டு ஓடுது."

இதெல்லாம் சிரிப்புக்கு. சிரிப்பில் சேராதது ஒன்று உண்டு. வெண்டலின் ஊரில் கையில் உரிமச்சீட்டு இருந்தால் கண்ணில் பட்டதில் பெரிய கொம்பைத் தேடிச் சுடுவார்கள். மர்டோவின் மலையில் அது நடக்காது. பல் தேய்ந்தது, கொம்பு கோணியது, நோய் கண்டது, இவைதான் விருந்தாளிக்கு. நல்ல ஆண் மான், கொம்பன், இனத்தைப் பெருக்க நிற்க வேண்டும். "ஒம்போது வருஷமா என்னிய முதியோர் இல்லத்துலயே வேட்டையாட விடுறியே, நியாயமா?" என்று வெண்டல் புலம்புவான்.

பன்னிரண்டு முனைக் கொம்போடு அந்த மலையில் ஒரு கொம்பன் இருந்தது. அதை மர்டோ குட்டியாக, பனியில் தாயின் வயிற்றோரம் ஒண்டி நின்றபோதே பார்த்திருக்கிறான். இப்போது அதற்கு வயது எட்டு. எங்கே படுக்கிறது, எந்த வழியாக இறங்குகிறது என்பதை முதலாளியிடம்கூடச் சொன்னதில்லை. போன வருஷம் வெண்டலுக்கு மட்டும் காட்டினான்.

"இன்னும் மூணு வருஷம் பொறு. இவன் வித்து இந்த மலையில பரவட்டும். பல்லு தேய ஆரம்பிச்சதும் நானே ஒன்னக் கூட்டிட்டு வாரேன். இவன் ஒனக்குத்தான். வேற எவனும் தொட மாட்டான்."

வெண்டல் கையில் அடித்து வாக்குக் கொடுத்தான். சந்தோஷத்தில் மர்டோ, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கொம்பனைப்போல முழங்கும் வித்தையையும் சொல்லிக்கொடுத்தான். வெண்டலுக்கு முக்கால்வாசி வந்தது. எல்க்குக்கு விசிலடித்தே நாற்பது வருஷம் பழகிய தொண்டை. எத்தனை முறை முயன்றாலும் கடைசியில் மெல்லிசாக ஒரு கீச்சல் வழுக்கி வெளியே வந்துவிடும். மர்டோ விழுந்து விழுந்து சிரித்தான்.

வியாழக்கிழமை காலை மர்டோ மேட்டு விளிம்பில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே சரிவில் கொம்பன் தன் பெண் மான்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கும் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் அடுத்த எஸ்டேட். ஸ்காட்லாந்துச் சட்டம் எளிது: உயிரோடு இருக்கும் மான் யாருக்கும் சொந்தமில்லை, எந்த மண்ணில் விழுகிறதோ அந்த மண்ணுக்குச் சொந்தம்.

அந்தப் பக்கமிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. புதுக் கொம்பன் வந்திருக்கிறது என்றுதான் மர்டோ முதலில் நினைத்தான். முழக்கம் முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு கீச்சல் கேட்டது.

அந்த மலைகளில் திரியும் சிகா என்ற சின்ன மானும் விசிலடிக்கும், ஆனால் முழங்கிவிட்டு விசிலடிக்காது. இந்த உலகத்தில் அப்படிக் கத்தக்கூடிய பிராணி ஒன்றே ஒன்றுதான். அது செவ்வாய்க்கிழமையே விமானம் ஏறிவிட்டதாக மர்டோ நம்பிக்கொண்டிருந்தான்.

கொம்பன் தலையைத் தூக்கியது. இறங்கத் தொடங்கியது. எழுந்து நின்று கூச்சல் போடலாம். ஆனால் மேலேயிருந்து மிரட்டினால் மான் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும், பள்ளத்தில்தான் ஓடை. மர்டோ கைகளைக் குவித்து உயிரைக் கொடுத்து முழங்கினான். இங்கே வா, என்னோடு மோது என்று கூப்பிட்டான்.

கொம்பன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. எட்டு வருஷமாக அந்தக் குரலைக் கேட்டிருக்கிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் கொம்பும் இல்லை, ஆபத்தும் இல்லை என்று அதற்குத் தெரியும். கீச்சல் கேட்ட திசையில் இருப்பவன்தான் அந்நியன். அவனை விரட்ட அது ஓடையில் இறங்கி அக்கரை ஏறியது.

வெடிச்சத்தம் மலையில் இரண்டு முறை மோதித் திரும்பியது.

மர்டோ ஓடைக்கரைக்கு வந்து சேர முக்கால் மணி நேரமாயிற்று. இருபது அடிக்கு அப்பால் கொம்பன் கிடந்தது. அந்த எஸ்டேட்டின் காவலன் ஃபின்லே குனிந்து குடலை எடுத்துக்கொண்டிருந்தான். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான்.

"நேத்துதான் இவர் வந்து இதச் சுடணும்னு கேட்டார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "ஒனக்குத் தெரியும்னு சொன்னார் மர்டோ. சத்தியமா."

வெண்டல் ஓடைக்கு அருகில் வந்து கையை நீட்டினான். குண்டு பட்டு மான் விழுந்தால் காவலன் சுட்டவனுக்குக் கை கொடுப்பது வழக்கம். ஒன்பது வருஷமும் மர்டோ கொடுத்திருக்கிறான்.

"இந்த மண்ணுலதான் விழுந்துச்சு. சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான் வெண்டல்.

"சட்டத்த யாருய்யா கேட்டா? இவன் ஒனக்குத்தான்னு சொன்னேனே. காத்திருந்தா நானே கூட்டிட்டு வந்து காட்டியிருப்பேனே."

வெண்டல் காலடித் தண்ணீரைப் பார்த்தான். "எங்க ஊர்ல காத்திருந்து பழக்கமில்ல, மர்டோ. இன்னிக்கு நாம விட்டா, நாளைக்கு அடுத்தவன் அடிச்சிருவான்."

சொல்லிக்கொடுத்த வித்தையே சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டது. மர்டோ குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"இவன் படுக்குற எடத்த நான் ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொன்னேன். இந்த மலையில அடுத்தவன்னு எவனுமே இல்ல வெண்டல். நீ ஒருத்தன்தான்."

நீட்டிய கை தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றது. மர்டோ அதைத் தொடவில்லை. வந்த வழியே திரும்பி மேட்டில் ஏறினான்.