பதினோரு வினாடி

அந்த இஸ்லாமிய ஆரம்பப் பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனி வகுப்பு உண்டு. அதைக் கட்டி மேய்ப்பது கணக்கு டீச்சர். அதில் இருபது இடத்துக்குப் போட்டியிட எண்பது பிள்ளைகள், நூற்றறுபது பெற்றோர். அவளுக்கே தலை சுற்றும் கணக்கு.

குர்ஆன் ஓதுவதற்கும் மார்க் உண்டு. ஓதக் கற்றுக்கொடுக்கும் உஸ்தாதிடம் விட்டால் எல்லாருக்கும் முழு மார்க் விழும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அதையும் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து போனில் அனுப்பிய ஒலிப்பதிவுகளை, சமையலுக்கு நடுவே, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு ஒரே மாலையில் முடித்தாள்.

தேர்வானவர்கள் பட்டியலை ஒட்டி, மார்க் சீட்டும் கொடுத்த மறுநாள் உஸ்தாது வந்தார்.

"டீச்சர், சிட்டு பேர் இல்லையே?"

"நடுவுல மறந்துட்டா உஸ்தாது. நீங்களே கேளுங்க."

அத்தாட்சி கையில் இருக்கும் தெம்போடு போனை நீட்டினாள். சிட்டு ஓதினாள், நின்றாள். பதினோரு வினாடி மௌனம். பிறகு தொடர்ந்தாள்.

உஸ்தாது போனைத் திருப்பிக் கொடுத்தார். "மறக்கல டீச்சர். அந்த வசனம் ஸஜ்தா ஆயத்து. ஓதினா ஸஜ்தா செய்யணும். புள்ள நெத்திய தரையில வெச்சு எந்திரிச்சிருக்கா."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. தெரியாத விஷயமா? சின்ன வயதில் அவளும் ஓதிய சூராதான். காது கொடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். குழம்பைக் கிண்டிக்கொண்டே ஒரு பிள்ளையின் ஸஜ்தாவுக்கு மார்க் குறைத்திருக்கிறோமே என்று உள்ளுக்குள் குறுகிப்போனாள்.

தலைமை ஆசிரியையிடம் போய், தப்பு தன்னுடையது என்று ஒளிக்காமல் சொன்னாள். இன்னொரு முறை ஓதவைத்து இருபத்தோராவதாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் அவர்.

மறுநாள் இடைவேளையில் சிட்டு வந்தாள். உஸ்தாதும் கூடவே உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் இந்தத் தடவை போனை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அந்த ஆயத்து வந்தது. சிட்டு நிற்கவில்லை. மூச்சுக்கூட விடாமல் தாண்டி ஓடி, கடைசிவரை ஓதி முடித்தாள்.

"ஏம்மா, நடுவுல ஸஜ்தா செய்யலையா?" என்றார் உஸ்தாது.

"நிறுத்தினா தடுமாற்றம்னு எழுதிடுவாங்க. மார்க் சீட்டுல அப்படித்தான் போட்டிருந்துச்சு. அதான், வீட்டுலயும் நிறுத்தாம ஓதிப் பழகிட்டேன்."

கணக்கு டீச்சர் பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள். சிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"இந்தத் தடவ சரியா ஓதிட்டேன்ல, மிஸ்?"