செல்லக்கிளியின் கருமாதிக்குக் கறிச்சோறு

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், சனிக்கிழமை. காலையில் வெயில் கடுமையாக இருந்தது. நண்பகலுக்குப் பின் மேற்குத் திசையில் கல்வராயன் மலையின் மீது கருமேகங்கள் திரண்டன. ஆயினும் கள்ளக்குறிச்சியில் ஒரு துளியும் விழவில்லை. அன்று பிற்பகல் என் நண்பர் நாராயணசாமியின் ஆடு செல்லக்கிளி, முதுமை காரணமாக இயற்கை எய்தியது.

ஆடு ஒரு சாதுவான வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்களும், இரண்டு கொம்புகளும், ஒரு குட்டை வாலும் உண்டு. அது இலை தழைகளை உண்ணும். அது நமக்குப் பாலும் எருவும் இறைச்சியும் தருகிறது. பாலையும் எருவையும் அது தானாகவே தந்துவிடும். இறைச்சியைத் தருவதற்கு மட்டும் இடையில் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த ஒருவர் நான். என் பெயர் முகம்மது கவுஸ். பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இறைச்சிக்கடை வைத்திருக்கிறேன்.

செல்லக்கிளி என் கடையிலிருந்து உயிரோடு வெளியேறிய ஒரே ஆடு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கரும்பு விவசாயியான நாராயணசாமி கறி வாங்க வந்தார். அன்றைக்கு அறுப்பதற்காகக் கட்டப்பட்டிருந்த அந்த ஆடு, அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைக் கவ்வி மெல்லத் தொடங்கியது. அவர் இழுத்தார். அது விடவில்லை. அவர் மேலும் இழுத்தார். அது கண்களை மூடிக்கொண்டு மென்றது.

"பாய், இது வுடமாட்டேங்குது. இது மேல கத்தி வெக்காத. நா ஓட்டிக்கினு போறேன்" என்றார் நாராயணசாமி.

எலும்பில்லாமல் ஒரு கிலோ கேட்டு வந்தவர், எலும்போடும் உயிரோடும் முழு ஆட்டையும் அழைத்துச் சென்றார். அதுமுதல் அவ்விருவரும் பிரிந்ததில்லை. அவர் வயலுக்குச் சென்றால் அது முன்னே செல்லும். அவர் கட்டிலில் படுத்தால் அது கட்டிலுக்கு அடியில் படுக்கும். சில நாள்களில் இடம் மாறியும் படுத்ததுண்டு.

எனவே, செல்லக்கிளியைக் கரும்புத் தோட்டத்தின் மூலையில் அடக்கம் செய்தபின் நாராயணசாமி சோற்றைத் தொட மறுத்தார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவருடைய மனைவி ராணியம்மாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாய், அவுரு மோரக் குடிச்சிட்டு மாத்திரயப் போட்டுக்கினு கெடக்கறாரு. நேத்து மயக்கம் வந்து வரப்புல உழுந்துட்டாரு. நீங்க வந்து சொல்லுங்க. உங்களுக்குத்தான் அந்த ஆட்ட மொதல்லேந்து தெரியும்."

நான் சென்றேன். நாராயணசாமி காலியான முளைக்குச்சியின் அருகில் அமர்ந்திருந்தார்.

"வூட்ல ஒருத்தரு பூட்டா, காரியம் முடியறவரிக்கும் இன்னா பாய் சோறு?" என்றார்.

"சரிங்க, காரியம் எப்போ?"

"ஆட்டுக்கு யாரு காரியம் பண்ணுவாங்க? அப்பிடியே கெடந்து போவட்டும், நானும்."

ராணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "நா பண்றேன். பத்திரிக அடிச்சி, பந்தல் போட்டு, சம்மந்தியக் கூப்ட்டு, மனுசாளுக்குப் பண்றாப்ல ஒண்ணு கொறையாம பண்றேன். ஆனா முடிஞ்ச அன்னிக்கி நீ சோறு துன்னணும். பாய்தான் சாட்சி."

இவ்வாறாக, ஒரு மனிதரைச் சாப்பிட வைக்கும் பொருட்டு ஓர் ஆட்டுக்குக் கருமாதி நிச்சயிக்கப்பட்டது.

முதற்கண் பதாகை அச்சிடப்பட்டது. பதாகைக் கடை இளஞ்செழியன் கணினியில் பழைய மாதிரி ஒன்றைத் திறந்து, அதிலிருந்த ஒரு முதியவரை நீக்கிவிட்டுச் செல்லக்கிளியின் படத்தை வைத்தான். "எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்ற குடும்ப விளக்கே" என்ற வாசகம் அப்படியே பொருந்தியது. கீழ்வரிசையில் துயருறும் குடும்பத்தார் படங்களுக்கு வட்டங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று எஞ்சியது.

"வட்டம் காலியா இருந்தா அசிங்கமா இருக்கும். கைல பாய் போட்டோ ஒண்ணு இருக்குது, வெச்சிடறேன்" என்றான் இளஞ்செழியன்.

வைத்தும்விட்டான். பதாகை பேருந்து நிலையத் திருப்பத்தில், என் கடைக்கு நேர் எதிரே கட்டப்பட்டது. மறுநாள் காலை வாடிக்கையாளர்கள் பதாகையைப் பார்த்தனர். பின்னர் என்னைப் பார்த்தனர். பின்னர் தொங்கிக்கொண்டிருந்த தொடையைப் பார்த்தனர். "துக்க வூட்ல வந்து இன்னா கேக்கறது, நாளைக்கி வரேன் பாய்" என்று ஒருவர் திரும்பினார். வேறொருவர் என் கையைப் பற்றி ஆறுதல் கூறிவிட்டு, அரைக்கிலோ ஈரலும் வாங்கிச் சென்றார்.

என் மனைவி அத்தியா மாலையில் கேட்டாள்: "வெட்றதும் நீங்க, வருத்தம் தெரிவிக்கறதும் நீங்களா?"

ஐம்பத்தோராம் வயதில் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுத் தேர்ந்தவன் நான். அவ்வகுப்பில் இவ்வினா கேட்கப்பட்டதில்லை.

அடுத்த இடர் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்தது. அங்கே நெடுஞ்சாலையோரத்தில் உணவகம் நடத்தும் கண்ணாயிரம், நாராயணசாமியின் சம்பந்தி. இவருடைய மகள் ராதிகாவைத்தான் நாராயணசாமியின் மகன் சிவசங்கர் மணந்திருக்கிறான். கண்ணாயிரம் முறைகளில் சிறிதும் வழுவாதவர். அவர் தொலைபேசியில் அழைத்தபோது நான் உடனிருந்தேன்; பேச்சு ஒலிபெருக்கியில் கேட்டது.

"சம்மந்தி, கோடித்துணி எடுக்கணும். வேட்டியா, பொடவையா?"

"பொட்டையாடு சம்மந்தி. பொடவதான்" என்றார் நாராயணசாமி.

"கலரு?"

"பச்சைன்னா விரும்பித் துன்னும்."

"சரி, பச்சை. அப்பறம், கறிச்சோறு உண்டுல்ல? காரியம் முடிஞ்சி கறி துன்னாத்தான் தீட்டு கழியும். எங்கப்பாவுக்கு நா ரெண்டு கெடா போட்டேன்."

நாராயணசாமியின் முகம் வெளுத்தது. "ஆட்டுக்குக் காரியம் பண்ணிட்டு ஆட்டையே அறுக்கறதா? இன்னா சம்மந்தி சொல்றீங்க?"

"மொறையச் சொல்றேன். கறி போடாத காரியம் முடிஞ்ச காரியம் இல்ல. முடியலன்னா முடியலதான், அப்பறம் உங்க இஷ்டம்."

நான் குறுக்கிட்டு, "கோழி போட்டுக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"கோழியா? நா இன்னா ஜுரத்துல படுத்துக்கினா கெடக்கறேன்?" என்று கூறித் தொடர்பைத் துண்டித்தார் கண்ணாயிரம்.

இதன் விளைவை ராணியம்மாளே முதலில் உணர்ந்தார். கறி இல்லையெனில் காரியம் முடியாது. காரியம் முடியாவிடில் கணவர் உண்ணமாட்டார். கறி போட்டால் அதைக் காணச் சகியாமலும் உண்ணமாட்டார். ராணியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே சென்றார்.

நெடுநேரம் சிந்தித்தபின் நாராயணசாமி என்னிடம் ஒரு நிபந்தனையைத் தெரிவித்தார். "செல்லக்கிளிக்குச் சொந்தமில்லாத ஆடா இருக்கணும் பாய். முழுசா வேற வமிசம். அப்பிடின்னா மனச அடக்கிக்கினு நானும் ஒரு வாய் வெக்கறேன்."

இது எளிதன்று. என் கடைக்கு வரும் ஆடுகளுள் பெரும்பாலானவை மலையிலிருந்து இறங்குபவை. எது எதனுடைய மகள் என்று எவரும் வினவியதில்லை. செல்லக்கிளியை நான் வெள்ளிமலைக்கு அப்பால் வசிக்கும் பெரியம்மாளிடம் வாங்கியிருந்தேன். உறவு எது, அயல் எது எனப் பிரித்துக் காட்ட அவரால் மட்டுமே இயலும். ஆகவே கருமாதிக்கு முந்தைய நாள், கச்சிராயபாளையத்தில் ஜீப் ஏறி நாங்கள் இருவரும் மலைக்குச் சென்றோம்.

பெரியம்மாள் சாமைக்கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தார். எங்கள் கோரிக்கையைக் கேட்டு, கையிலிருந்த களையைக் கீழே போட்டார்.

"எவ்ளோ கறி வரும்னு கேட்டு வருவாங்க. பல்லு புடிச்சிப் பாப்பாங்க. ஆட்டுக்குச் சொந்தபந்தம் கேட்டு யாரும் வந்ததில்ல சாமி."

"சொல்லும்மா. இது?" என்று நாராயணசாமி செந்நிறப் புள்ளிகள் கொண்ட ஓர் ஆட்டைச் சுட்டினார்.

"செல்லக்கிளிக்கு அக்கா பேத்தி."

"அந்த வெள்ளை?"

"அண்ணன் மவ."

"அதோ, பாறை மேல நிக்குதே, அது?"

"அதுவா, மாமன் மொற. கட்டிக்கிற மொறதான்."

"பக்கத்து ஊர்ல வாங்கிக்கலாமா?"

"அங்க இருக்கறதெல்லாம் இங்கேந்து போன கெடாவுக்குப் பொறந்துதுங்க. சொந்தமில்லாத ஆடு வேணும்னா இந்த மலைய வுட்டே போவணும்."

அப்போது கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கருங்கிடா வெளியே வந்தது. நெற்றியில் செல்லக்கிளிக்கு இருந்தது போன்றே வெள்ளைச் சுட்டி. நாராயணசாமி அதனருகே சென்றார்.

"அது கூடப் பொறந்த தங்கச்சி மவன்" என்றார் பெரியம்மாள். "செல்லக்கிளிக்குக் குட்டி இல்லியா? அப்போ அதுக்குன்னு இருக்கறது இவன்தான்."

நாராயணசாமி கிடாவின் முன் குந்தி அமர்ந்து, "உங்க பெரியம்மா தவறிட்டாங்கப்பா" என்று தெரிவித்தார். கிடா ஒருமுறை தும்மியது. அவர் அதை வெட்டுவதற்காக அல்லாமல், காரியத்துக்கு அழைத்துச் செல்வதற்காக விலைக்கு வாங்கினார். கறிக்கு ஆடு கிடைக்காமலே மலையிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் நாராயணசாமி வாந்தி எடுத்தார். கிடா எடுக்கவில்லை.

மறுநாள் பந்தலில் உறவினர் நிறைந்திருந்தனர். செல்லக்கிளியின் படத்துக்குப் பச்சைப் புடவை சாத்தப்பட்டிருந்தது. கண்ணாயிரம் தம் மனைவி ஆயம்மாளுடன் வந்திறங்கினார். வேப்பமரத்தில் கட்டியிருந்த கிடாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ம், ஜோரான கெடா. இன்னும் வெட்டலியா? மணி ஜாஸ்தியாவுது. பாய் கத்திய மடியில கட்டிக்கினு இன்னா பண்ணிக்கினு இருக்கறாரு?"

"மொதல்ல உருமா கட்டுங்க சம்மந்தி" என்றார் நாராயணசாமி.

உருமா என்பது, இறந்தவரின் வாரிசுக்குச் சம்பந்தி கட்டும் தலைப்பாகை. கண்ணாயிரம் அதற்கெனக் கொண்டுவந்த சரிகைத் துணியை உதறினார். "மாப்ள, வாங்க இப்பிடி" என்று சிவசங்கரை அழைத்தார்.

சிவசங்கர் இரண்டடி பின்வாங்கினான். "எனக்கா? நா இன்னா ஆட்டுக்குப் பொறந்தவனா மாமா?"

"பின்ன யாருக்குய்யா கட்டறது?"

நாராயணசாமி வேப்பமரத்தைக் காட்டினார். "ரத்த சொந்தம் அங்க நிக்குது. கூடப் பொறந்த தங்கச்சி மவன். மலையிலேந்து கூட்டிக்கினு வந்திருக்கறேன்."

கண்ணாயிரத்தின் கையில் துணி தொங்கியது.

"சாப்புட வந்த எடத்துல ஆட்டுக்கு உருமா கட்டச் சொல்றீங்களா?"

ஆயம்மாள் எழுந்தார். "ஏன், இன்னா தப்பு? போன வருசம் என் தம்பி செத்தப்போ, அவன் வளத்த புள்ளைக்கு உருமா கட்டலாம்னேன். 'ரத்த சொந்தம் இருக்கும்போது வேற ஆளு தலையில துணி ஏறக் கூடாது'ன்னு நடுவூட்ல நின்னு கத்தனது யாரு? எங்க அண்ணன் மவன் டெல்லியிலேந்து வரவரிக்கும் அத்தினி பேரையும் பட்டினி போட்டது யாரு? மொறன்னா எல்லாருக்கும் மொறதான். போய்க் கட்டுங்க."

"ஆயம்மா சொல்றது ஞாயம்தானே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பலர் தலையசைத்தனர்.

கண்ணாயிரம் முறைகளில் வழுவாதவர் என்பதை முன்னரே கூறினேன். அவர் மரத்தடிக்குச் சென்றார். கிடாவின் கொம்புகளுக்கு இடையே சரிகைத் துணியை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தார். பழக்கத்தின் காரணமாக, "தைரியமா இருப்பா" என்று அதன் தோளையும் தட்டிவிட்டார். கிடாவுக்குத் தலைப்பாகை நன்கு பொருந்தியிருந்தது என்றே கூற வேண்டும்.

இதன்பின் அனைவரும் என்னை நோக்கினர். நான் எண்ணற்ற ஆடுகளை அறுத்திருக்கிறேன். ஆயினும் தலைப்பாகை அணிந்து, உறவினரின் துக்கத்தில் பங்கேற்கும் ஒருவர்மீது கத்தி வைக்கும் துணிவு எனக்கு இல்லை. கத்தியைத் துணியில் சுற்றி ராணியம்மாளிடம் ஒப்படைத்தேன்.

"அப்போ கறி?" என்றார் கண்ணாயிரம், மெலிந்த குரலில்.

"உருமா கட்டிக்கினவன் மொதல்ல துன்னணும். அவன் துன்றதுதான் பந்திக்கி. அதுவும் உங்க மொறதான்" என்றார் ஆயம்மாள்.

ராதிகா ஒரு தலைவாழை இலையை மரத்தடியில் விரித்தாள். படையலுக்காக ராணியம்மாள் சமைத்திருந்த சோறும், பூசணிக்காய்ச் சாம்பாரும், ஒரு கட்டு அகத்திக்கீரையும் வைக்கப்பட்டன. சோறு அதிகமானால் ஆட்டுக்கு வயிறு உப்பும் என்பதால் ஒரு பிடிக்கு மேல் வைக்க நான் அனுமதிக்கவில்லை. கிடா அகத்திக்கீரையை உண்டது. பின்னர் வாழையிலையை நுனியிலிருந்து உண்டது. சாம்பாரை முகர்ந்துவிட்டு விலகியது.

கண்ணாயிரம் நீண்ட பெருமூச்சு விட்டார். "தங்கச்சி மவன் சைவம். இன்னா பண்றது? இலையப் போடுங்க" என்று அறிவித்துவிட்டு, முதல் வரிசையிலேயே அமர்ந்தார்.

நாராயணசாமி உட்காரவில்லை. மரத்தடியில் கிடாவைப் பார்த்தவாறே நின்றார். ராணியம்மாள் ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து அவர் முன் நீட்டினார்.

"காரியம் முடிஞ்சிடிச்சா?" என்று அவர் சிறு குழந்தையைப் போலக் கேட்டார்.

"முடிஞ்சிடிச்சிப்பா. சம்மந்தியே ரெண்டாவது வாட்டி ரசம் கேட்டுக்கினு இருக்கறாரு, பாரு" என்றார் ராணியம்மாள்.

நாராயணசாமி தரையில் கிடாவின் அருகில் அமர்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கவளம் எடுத்தார். பாதிச் சோறு வேட்டியில் சிந்தியது. மீதியை வாயில் இட்டு, மெல்ல மென்று விழுங்கினார். பிறகு இன்னொரு கவளம் எடுத்தார். அதன்பின் தலை நிமிராமல், "உப்பு கம்மி" என்றார். ராணியம்மாள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுத்துவர ஓடினார். அப்போது பிற்பகல் மணி இரண்டு முப்பத்தைந்து.