சிறகுத் தோல்

பவுடர் ஒற்றிய பஞ்சோடு அம்மாவின் நெற்றியை நோக்கிப் போன பெரியம்மாவின் கையைச் சில்லு எட்டிப் பிடித்தாள்.

"வேண்டாம் பெரியம்மா."

"கையை விடுடி. முகம் எப்படிக் கறுத்துக் கெடக்கு பாரு. நாலு பேர் வந்து பாக்குற எடம்."

"பாக்கட்டும். எங்கம்மா மூஞ்சி இதுதான்."

"அவ பொறந்த அன்னிலேருந்து அந்த மூஞ்சியைப் பாக்குறவ நான். நீ நேத்து வந்தவ."

பெரியம்மா எடுத்த வேலையை முடிக்காமல் ஓய்கிறவள் இல்லை. காதோரம் வரை வெள்ளையாகப் பூசிவிட்டு, ஓரடி தள்ளி நின்று பார்த்து, "இப்பத்தான் தூங்குற மாதிரி இருக்கா" என்றாள். அம்மா தூங்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும். ஒரு புருவம் மட்டும், யாரையோ குறுக்கு விசாரணை செய்வதுபோல, தூக்கிக்கொண்டிருக்கும். கூடத்தின் நடுவில் கட்டிலில் படுத்திருந்தது வேறு யாரோ.

சில்லு என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். கல்லைக் கொத்தும்போது தெறித்து விழுகிற துண்டு. "நான் ஒடச்சதுல இவ்வளவு சத்தம் போட்ட சில்லு நீ ஒருத்திதான்டி" என்பாள். அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களை ஆராய்கிற வேலை அம்மாவுக்கு. கல்லாகிப்போன மீன், கல்லாகிப்போன இலை. கடைசியாக, ஒரு கற்பலகையில் கைவிரித்துக் கிடந்த, காக்கை அளவே இருந்த பறக்கும் பல்லி.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அருங்காட்சியகத்தின் இயக்குநர் மலர் வளையத்தோடு உள்ளே வந்தார். பின்னாலேயே ஊசி மாமா. அம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர்; ஊசி முனையால் கல்லைச் சுரண்டிச் சுரண்டி எலும்பை வெளியே எடுக்கிறவர். வந்ததும் கட்டிலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அதற்கப்புறம் தலையைத் தூக்கவே இல்லை.

இயக்குநர் வளையத்தை வைத்தார், கண்ணை மூடினார், திறந்தார். அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்தார்.

"நாளைக்குப் புதுக் கூடம் தொறக்குறோம். அமைச்சர் வர்றார். மேடம் பேரைச் சொல்லித்தான் தொறக்கப் போறோம். பாருங்க, நேத்து சாயங்காலம்தான் வார்னிஷ் அடிச்சோம். என்னமா மின்னுது!"

சில்லு எட்டிப் பார்த்தாள். படத்தில் பறக்கும் பல்லி, எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் பளபளத்தது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின வாரம், அம்மா அவளை இருட்டறைக்குக் கூட்டிப் போயிருந்தாள். கதவைச் சாத்தி, ஆளுக்கொரு மஞ்சள் கண்ணாடியை மாட்டி, கண் இருட்டுக்குப் பழகும் வரை பேசாமல் உட்கார வைத்தாள். பிறகு புற ஊதா விளக்கை ஏற்றினாள். கல் கறுப்பாகவே கிடந்தது. எலும்புகள் மட்டும் உள்ளிருந்து எரிவதுபோல் ஒளிர்ந்தன. அவ்வளவுதான் என்று சில்லு நினைத்தபோது அம்மா விளக்கைச் சாய்த்தாள். நீண்ட விரல் எலும்புக்கும் காலுக்கும் நடுவே, கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி, மங்கலாய், மஞ்சளாய், ஏதோ ஒன்று விரிந்தது. சிறகுத் தோல். சாதாரண வெளிச்சத்தில் அங்கே வெறும் மண் நிறக் கல்தான்.

"மூச்சைக்கூடத் தள்ளி விடு" என்றாள் அம்மா. "இது கல்லானதுக்கப்புறம் இதைப் பாக்குற மொத ரெண்டு பேரு நாமதான்டி."

படம் எடுக்கவில்லை. கேமராவில் மாட்ட வேண்டிய வடிகட்டி வந்து சேரவில்லை. வரும்வரை பலகை மேல் பசையோ வார்னிஷோ ஒரு பொட்டுகூடப் படக்கூடாது என்று அம்மா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அந்த வெளிச்சத்தில் வார்னிஷும் தானாக ஒளிரும். அது ஒளிர்ந்தால் அடியில் இருக்கிற மங்கல் எதுவும் தெரியாது.

"யாரு அடிக்கச் சொன்னா?" என்றாள் சில்லு.

"என்னம்மா?"

"வார்னிஷ் வேண்டாம்னு அம்மா சொன்னாங்கல்ல? யாரு அடிக்கச் சொன்னா?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். இயக்குநர் குழந்தைக்கு மாத்திரை கொடுக்கிற குரலுக்கு இறங்கினார். "இங்க பாரும்மா. அம்மாவுக்குக் கடைசியில மருந்தோட வேகம் ஜாஸ்தி. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பாவம். நானும் அந்த லைட்டுல பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

"மஞ்சக் கண்ணாடி போட்டீங்களா?"

"எந்தக் கண்ணாடி?"

"கதவைச் சாத்தினீங்களா?"

"ஃபோன் வந்துக்கிட்டே இருந்துச்சு, கதவு..." அவர் முகம் சுருங்கியது. "இதோ பாரு, நாங்க ஒண்ணும் திருட்டுத்தனமா செய்யல. ஒங்கப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். சரின்னுட்டார்."

சில்லு அப்பாவைத் தேடினாள். அப்பா இருந்த இடத்தில் இல்லை.

அடுக்களையில், கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அப்பா பேருந்து ஓட்டுநர். ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டுகிற ஆள் என்று டிப்போவில் பெயர். வீட்டிலும் அப்படித்தான்.

"அம்மா ஒங்ககிட்டச் சொல்லி விட்டாங்கதானே?"

"சொன்னா."

"அப்புறம் எப்படிச் சரின்னீங்க?"

அப்பா குழாயை மூடினார். "அன்னிக்குத்தான் டாக்டர் கூப்பிட்டு, இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்லன்னாரு. வெளிய வந்து செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இந்தாளு ஃபோன் பண்றான். வார்னிஷ் அடிக்கலாமாங்குறான். வார்னிஷ்! எந்த வார்னிஷ், எந்தக் கல்லு, எனக்கு எதுவும் தலையில ஏறல. சரி சரின்னு வெச்சுட்டேன்."

"அப்பவே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"உள்ள போனேன். 'மியூசியத்துல வேண்டாம்னு சொல்லிட்டீங்களா'ன்னு கேட்டா." அப்பா டம்ளரைத் துணியால் துடைத்தார். "சொல்லிட்டேன்னேன். அதுக்கப்புறம்தான் கண்ணை மூடித் தூங்கினா."

சில்லுவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இயக்குநரின் மேல் கத்துவது சுலபம். இந்த முதுகைப் பார்த்து எப்படிக் கத்துவது? ஆனாலும் வாயிலிருந்து வந்துவிட்டது. "பொய் சொல்லி அனுப்பியிருக்கீங்க."

அவள் நேராக ஊசி மாமாவிடம் போய் நின்றாள்.

"மாமா, அதை எடுக்க முடியுமா?"

"நேத்து அடிச்சதுதான். இன்னும் முழுசா இறுகியிருக்காது. அசிட்டோன்ல பஞ்சை நனைச்சு எடுத்துப் பாக்கலாம். ஆனா தோலும் கூடவே வந்துருச்சுன்னா?"

"அப்படியே விட்டா?"

"விட்டா இன்னும் மோசம். நாளாக நாளாகக் கெட்டியாயிரும்."

"நேத்து நீங்க ஏன் தடுக்கல?"

"சொன்னேன்மா, சார்கிட்ட..."

"எவ்வளவு சத்தமா சொன்னீங்க?"

ஊசி மாமா தன் விரல் நகங்களைப் பார்த்தார்.

"வாங்க, இப்பவே போலாம்" என்றாள் சில்லு. "அம்மாவைக் கொண்டு போறதுக்குள்ள."

பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். "கேட்டீங்களா இந்தக் கூத்தை! பெத்தவளைக் கட்டில்ல போட்டுட்டுக் கல்லைப் பாக்கப் போறாளாம். ஊரே வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும்."

"அனுமதி கொடுக்க முடியாதும்மா" என்றார் இயக்குநர். "நாளைக்கு விழாவை வெச்சுக்கிட்டு, ஒரு பிடிவாதக் கொழந்தை சொல்லுதுன்னு..."

"சார்."

அப்பா அடுக்களை வாசலில் நின்றிருந்தார். கை ஈரம். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் சரின்னது நானாச் சொன்னது. அவ சொல்லல. அவ வேண்டாம்னுதான் சொன்னா. தெளிவாத்தான் சொன்னா, மருந்து வேகத்துல இல்ல. அதை நான் அன்னிக்குச் சொல்லாம விட்டுட்டேன். இப்பச் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. அவகிட்ட நான் சொல்லிட்டேன்னு சொல்லியிருக்கேன். மண்ணுக்குள்ள போறதுக்குள்ளயாவது அது நெசமாகட்டும்."

பக்கத்து வீட்டுக்காரர், அம்மாவோடு படித்தவர்கள், டிப்போ ஆட்கள், எல்லாருடைய கண்ணும் இயக்குநர் மேல் இருந்தது. நாலு பேர் பார்க்கிற இடம். அவர் ஃபோனைப் பைக்குள் போட்டார்.

"ஒரு ஓரத்துல மட்டும்" என்றார். "நானும் கூட இருப்பேன்."

"வண்டி வந்துருச்சுன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நிக்கட்டும்" என்றார் அப்பா.

பெரியம்மா கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போயிட்டு வாங்க. ஆனா சீக்கிரம் வரணும். நான் இவகூட இருக்கேன்." பிறகு யாரையும் பார்க்காமல், "சின்னதுலயும் இப்படித்தான். ஒண்ணு சொன்னா அதுலயே நிப்பா" என்றாள்.

அருங்காட்சியகத்தின் பின்பக்கப் படியில் தொப்பி போட்ட காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். கூடத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பலகையை இருட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போனதும் ஊசி மாமா காற்றாடியைப் போட்டார். அசிட்டோன் புட்டியைத் திறந்தார். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி. சில்லு ஆணியில் தொங்கிய மஞ்சள் கண்ணாடிகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். கடைசியாக இயக்குநரிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்க. கதவைச் சாத்துங்க."

அவர் சாத்தினார்.

விளக்கை அப்பா பிடித்தார். ஏற்றியதும் பால் கொட்டிய மாதிரி பலகை முழுக்க ஒரே நீல வெள்ளை. எலும்பு எது, கல் எது, எதுவும் தெரியவில்லை. தூரிகை போன தடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நல்ல அகலமான தூரிகை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடித்திருந்தார்கள்.

"இந்தக் கால்கிட்ட" என்றாள். "அம்மா காட்டினது இங்கதான்."

ஊசி மாமா குச்சியில் சுற்றிய பஞ்சை நனைத்து, அந்த இடத்தில் வைத்து, உருட்டினார். தேய்க்கவில்லை. ஒரு உருட்டு, எடுத்தார். பஞ்சு நீலமாய் ஒளிர்ந்தது. தட்டில் போட்டார். இன்னொரு பஞ்சு. அதுவும் ஒளிர்ந்தது. பலகையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு விழுந்தது. கறுப்பு மட்டும்தான்.

"கூடவே வந்துருச்சா, தோலு?" என்று கேட்டார் அப்பா.

"தெரியல. அசையாம புடிங்க."

தட்டில் பஞ்சு சேர்ந்துகொண்டே போனது. ஒவ்வொன்றும் முந்தினதைவிட மங்கலாய். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது. சில்லு மூச்சைத் தள்ளித் தள்ளி விட்டாள்.

அப்பாவின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. பெரியம்மாவாகத்தான் இருக்கும், வண்டி வந்திருக்கும்.

சில்லுவின் தோளுக்கு மேலாக இயக்குநர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்த ஓரத்துல, மங்கலா, மஞ்சளா..." என்றார் மெதுவாக. "அது என்ன?"

ஊசி மாமா அடுத்த பஞ்சை நனைத்தார். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா பிடித்திருந்த வெளிச்சம் இம்மியும் அசையவில்லை.